கட்டுக் கயிறுகள் தளர்வாக இருந்தன

சென்ற வாரம் மாணவர்கள் நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து, உங்கள் கப்பல் கட்டுமானத் துறையின் ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டீர்கள். நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நான்கு இருபத்திரண்டுக்கு வந்தீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்களில் உயரமானவர், "சார், உங்க சர்வீஸ்ல பெரிய சாதனையா எதையாவது எழுதுங்க" என்றார்.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் படகுகளையும் இழுவைக் கப்பல்களையும் அளந்திருக்கிறேன். என் நோட்டுப் புத்தகங்களின்படி ஆயிரத்து நூற்றுப் பதினாறு. நான்கு நாட்களாகப் புரட்டிப் பார்த்தேன். சாதனை என்று எதுவும் அகப்படவில்லை. நம் தொழிலில் சரியாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. படகு பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். அதனால் நான் அளந்த முதல் படகைப் பற்றி எழுதுகிறேன். அது இந்த ஆயிரத்து நூற்றுப் பதினாறில் சேராது. அப்போது நான் மாணவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மைலாப்பூரில் வீடு. சைக்கிளில் போய்வந்து இயந்திரப் பொறியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனசெல்லாம் கப்பலில் இருந்தது. கப்பலை எப்படி வரைவது, எப்படிக் கட்டுவது, அது ஏன் மிதக்கிறது, ஏன் கவிழ்கிறது என்று முறையாகச் சொல்லித்தர அன்றைக்கு நம் ஊரில் ஓர் இடம் கிடையாது. சீமையில் ஒரு நதிக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டு, அவர்களுடைய பாடத்திட்டப் புத்தகத்தை வரவழைத்தேன். நூற்று இருபத்திரண்டு பக்கம். முதல் மாதத்திலேயே ஆறு தடவை படித்தேன்.

வீட்டில் இதற்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். அம்மா, "கப்பல்ல போனாலே பிராயச்சித்தம்கறா. நீ கப்பலையே படிக்கப் போறேன்னுண்டு நிக்கறே" என்றாள். எங்கள் அத்திம்பேர் சாப்பிடும்போதெல்லாம் ஆரம்பிப்பார்: "இவன் தெப்பக்குளத்துல மூணாம் படிக்குக் கீழ எறங்கினது கிடையாது. இவன் கட்டற கப்பல்ல நான் ஏறமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

உபகாரச் சம்பளத்தோடு ஓர் இடம் இருந்தது. அதற்கு மூன்று நிபந்தனைகள். இருபத்து மூன்று வயது முடிந்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரு மரக்கலத்தைத் தானே அளந்து, அதன் எடையையும், கவிழாமல் நிமிரும் நிலைப்பையும் கணக்கிட்டு, ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் ஒரு கப்பல் சர்வேயர் கையெழுத்திட வேண்டும். இவை எல்லாம் குறித்த நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். (நான்காகிவிட்டது. அவர்கள் கடைசி இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.) எனக்கு அது ஒன்றுதான் வருஷம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அப்பாவின் சம்பளத்தில் சீமைக்குப் போவது என்பது பேச்சுக்குக்கூட எடுக்க முடியாத விஷயம்.

மரக்கலத்துக்கு எங்கே போவது? மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க் கரையில் காதர் பாய் என்பவர் விறகுத் தொட்டி வைத்திருந்தார். தெற்கேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிவர அவருக்குச் சொந்தமாக ஒரு படகு. நீளம் முப்பத்தெட்டு அடி, அகலம் ஆறரை அடி. அதை ஓட்டியவர்கள் கோவிந்தனும் அவர் மனைவி அஞ்சலையும். பாயிடம் கேட்டேன். "அளந்துக்கோங்க தம்பி, படகு இன்னா தேஞ்சா போயிடும்" என்றார்.

நான் செய்த பரிசோதனையை நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே செய்துவிடுகிறீர்கள். எடை தெரிந்த பாரத்தைப் படகின் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு நகர்த்துவது. படகு எவ்வளவு சாய்கிறது என்று தூக்குக் குண்டு கட்டிய நூலால் அளப்பது. அதிகம் சாயாத படகு பிடிவாதக்காரி, எதையும் தாங்கும். அதிகம் சாய்ந்தால் ஜாக்கிரதை. என்னிடம் இரும்புப் பாரம் ஏது? தொட்டி ஆட்கள் பதினாறு பேரை விறகுத் தராசில் நிறுத்தி எடை எழுதிக்கொண்டேன். "இன்னா நைனா, எங்களையும் மணங்கு கணக்குல விக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். "உன்ன யாரு வாங்குவா? ஈரக் கட்ட, எரியாது" என்றாள் அஞ்சலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்தோம். ஒன்பது அளவுகள் எடுத்தேன். நூலின் நீளம் ஆறு அடி மூன்று அங்குலம். ஒவ்வொரு தடவையும் நூல் ஆடி அடங்கும் வரை காத்திரு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆணி அடித்ததுபோல் நின்றது. அது என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். சந்தோஷப்பட வைத்தது.

நிலைப்பை ஓர் உயரமாக, அங்குலத்தில் சொல்வது வழக்கம்; கூடக் கூட நல்லது. கணக்குப் போட்டதில் இருபத்தேழு அங்குலம் வந்தது. நல்ல பிடிவாதமுள்ள படகு. பாய், "அப்போ எத்தினி பேரு ஏறலாம் தம்பி?" என்று கேட்டார். ஐம்பது பேர் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றேன். எழுதிக் கேட்டார். எழுதியும் கொடுத்தேன்.

அறிக்கை பதினான்கு பக்கம். எப்படி எழுதுவது என்பதற்குப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தது. அதில் முதல் பக்கத்தில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்ற விவரங்களுக்கு நடுவே, 'கட்டுக் கயிறுகள் தளர்வாக இருந்தன' என்று ஒரு வரி. நானும் அதை அப்படியே எழுதினேன். மாதிரியில் இருந்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார சர்வேயர் இருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். என் பதினான்கு பக்கத்தையும் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டு படித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கயிறுகள் தளர்வாகத்தானே இருந்தன?" ஆமாம் சார் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. காகிதத்தில் எழுதியிருந்ததால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே நம்பினேன். கையெழுத்திட்டார்.

அப்போதெல்லாம் சீமைத் தபால் வாரத்துக்கு ஒரு தடவைதான். குறித்த நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டுமானால் அந்த வாரத் தபாலை விட்டால் வேறு தபால் இல்லை. பகல் ஒரு மணிக்குப் பெரிய தபாலாபீசில் சீமைத் தபால் பையை மூடிவிடுவார்கள். உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன். டிராமைப் பிடிக்கும் முன் கால்வாய்க் கரைக்குப் போனேன். அன்று காதர் பாய் குடும்பத்தோடு கோவளம் தர்காவில் கந்தூரி விழாவுக்குப் படகில் புறப்படுகிறார், என்னையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். பெண்ணுக்குப் புதிதாக நிக்காஹ் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள்.

படகில் மூங்கில் பரப்பி மேலே ஒரு மேடை கட்டியிருந்தார்கள். கீழே பெண்களுக்குத் திரை, மேலே ஆண்கள். எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர்.

"வாங்க தம்பி வாங்க!" என்றார் பாய். "சம்பந்தி, நான் சொன்னேனே, சீமைக்குப் போற தம்பி, இவருதான். நூலு கட்டி அளந்து, அம்பது பேரு நின்னாலும் அசையாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு."

"அப்போ இன்னும் ஏழு பேருக்கு எடம் கீது" என்றார் சம்பந்தி, மேடை மேலிருந்து.

ஒரு குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டார்கள். படகு சாய்ந்து, மெதுவாக, மிக மெதுவாக நிமிர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பின்பக்கம் கழியோடு நின்ற அஞ்சலையிடம், "அன்னிக்கு அசையவே இல்லையே, இன்னிக்கு ஏன் இப்படி ஆடறது?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அன்னிக்கு எப்டி ஆடும்? நாலு மொளைலயும் இழுத்துக் கட்டி வெச்சிருந்தாரே எங்க வூட்டுக்காரு. கரையாண்ட ரெண்டு, அந்தாண்ட தண்ணிக்குள்ள கழி அடிச்சி ரெண்டு. பாவம், படிக்கிற புள்ள, படகு ஆடிக்கினே இருந்தா இன்னாத்த எழுதும்னு."

முன்பக்கத்திலிருந்து கோவிந்தன், "நம்மால ஆன ஒத்தாசை சாமி" என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது.

பதினாறு ஆட்களை எண்ணினேன். ஒன்பது அளவுகளை எண்ணினேன். நூலின் நீளத்தை அரைக்கால் அங்குலம் வரை எண்ணினேன். நான்கு கயிறுகளை எண்ணவில்லை. கயிறு இறுக்கிக் கட்டிய படகு எப்படிச் சாயும்? நான் அளந்தது படகின் பிடிவாதத்தை அல்ல, கோவிந்தன் போட்ட முடிச்சின் பிடிவாதத்தை.

இளைஞர்களே, இந்த இடத்தில் ஓர் உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றியது அல்ல. 'சீமையில் இது யாருக்கும் தெரியாது' என்பதுதான் முதல் நினைப்பு. பிறகுதான் அடையாறு நினைவுக்கு வந்தது. கால்வாய் ஆற்றுக்குள் திறக்கும் இடத்தில் கரை மறைப்பு கிடையாது. பத்து மணிக்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். முதல் நினைப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே நான்கைந்து வினாடி போயிருக்கும். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.

"பாய், எல்லாரையும் இறக்குங்கோ. என் கணக்கு தப்பு."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறாங்க தம்பி. வெளையாடாதீங்க" என்றார்.

"அன்னிக்குக் கயிறு கட்டியிருந்தது. எனக்குத் தெரியாது. அரை மணி குடுங்கோ, மறுபடி பாத்துடறேன்."

இறக்கினார்கள். பாயின் அக்காவை எல்லோரும் ஆபா என்று கூப்பிடுவார்கள். பாரியான உடம்பு. இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டிருந்தார்கள், இப்போது இரண்டு பேர் இறக்க வேண்டியிருந்தது. "ஏறு, எறங்கு, ஏறு, எறங்கு! நான் இன்னா சவுக்குக் கட்டையா?" என்றார் ஆபா. கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் நானும் பாயும்.

பத்து வாலிபர்களை மட்டும் படகில் நிறுத்தினேன். கயிறுகளை அவிழ்க்கச் சொல்லி, நானே கரையில் நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். தொட்டிச் சாவிக் கொத்தை ஒரு நூலில் கட்டி மேடையிலிருந்து தொங்கவிட்டேன். "எல்லாரும் வலது பக்கம் இரண்டு அடி நகருங்கோ" என்றேன். நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. மேடை மேல் வைத்திருந்த பிரியாணி தேக்சா சறுக்கிக்கொண்டு வந்து விளிம்பில் டம்மென்று மோதியது. அஞ்சலை கழியைப் போட்டுவிட்டு அதைப் பிடித்தாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆபா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

கையில் வேறு காகிதம் இல்லை. அறிக்கை இருந்த உறையின் முதுகிலேயே பென்சிலால் கணக்குப் போட்டேன். பதினோரு அங்குலம்தான் வந்தது. மேடையில் ஒருவரும் ஏறாமல், எல்லோரும் கீழே உட்கார்ந்தால் இருபத்து நான்கு பேர். அதற்கு மேல் கூடாது.

மிச்சம் பத்தொன்பது பேரைப் பிரித்து மாட்டுவண்டிகளில் ஏற்றுவதற்குள் மணி பதினொன்றே கால் ஆகிவிட்டது. சம்பந்தியின் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினார். பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படகில் கால் வைக்கும் முன் திரும்பி, "நீங்க எழுதிக் குடுத்தீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டிராமில் ஏறி உட்கார்ந்தேன். நேரம் இருந்தது, அதுதான் கொடுமை. பன்னிரண்டு இருபதுக்குப் பெரிய தபாலாபீஸ் வாசலில் இருந்தேன். சட்டைப் பையில் ரப்பர் இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து உறையின் முதுகில் போட்டிருந்த பென்சில் கணக்கை அழித்தேன். சுத்தமாக அழிந்துவிட்டது. வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். படகில் போக வேண்டியவர்கள் பத்திரமாகப் போய்விட்டார்கள். இனிமேல் இந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன கெடுதல்? முன்னால் நான்கு பேர். அங்கே போய் முறையாகப் படித்துவிட்டு வந்தால் இந்த மாதிரித் தப்பே செய்ய மாட்டேனே. இரண்டு பேர். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா கையை நீட்டினார். "இன்னா சார், குடுங்க. பின்னால ஆளு நிக்கிறாங்க."

எழுதிக் கொடுத்தது நான். உள்ளே முதல் பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்தது. கை நீளவில்லை. வரிசையை விட்டு விலகி, தெருவைத் தாண்டி, துறைமுக வாசலுக்குப் போனேன்.

சர்வேயர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, உறையைக் கிழித்து, கடைசிப் பக்கத்தை எடுத்துத் தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "எத்தனை பேரை இறக்கினாய்?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். "ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய். நானும் வருகிறேன்" என்றார். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். படகில் ஏறவே இல்லை. மூன்று மணி நேரம் வெயிலில் கரையில் நின்றார். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் நடந்து போய், ஒவ்வொரு கயிற்றையும் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டினார். கேள்வி கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலை நம்பிக் கையெழுத்துப் போடலாம் என்று அவரும் நினைத்திருந்தார் அல்லவா. அவருடைய தப்பை அவர் அப்படித் திருத்திக்கொண்டார் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

பதினோரு அங்குலம் என்று புது அறிக்கை எழுதி, தாமதத்துக்குக் காரணத்தையும் மறைக்காமல் எழுதி, அடுத்த வாரத் தபாலில் அனுப்பினேன். பதினொரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை நன்றாக இருக்கிறது, இடம் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும். அடுத்த ஆண்டு அந்தத் தேதியில் எனக்கு இருபத்து மூன்று வயது நான்கு மாதம்.

நான் போகவில்லை. அந்த சர்வேயரே துறைமுகத்தில் ஒரு வேலையில் சேர்த்துவிட்டார். கப்பல் கட்டுமானப் பட்டம் இல்லாததால் முப்பத்து நான்கு வருஷமும் நான் அளந்த கலங்களுக்கு 'இன்னாருக்காக' என்று வேறொருவர் பெயரைப் போட்டு அதன் கீழேதான் கையெழுத்திட்டேன்.

பாயின் படகு அன்றைக்கு நல்லபடியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தது. நாற்பத்து மூன்று பேரோடு போயிருந்தால் கவிழ்ந்திருக்குமா? தெரியாது. காற்று குறைவாக இருந்து தப்பியும் இருக்கலாம். கவிழாத படகை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விறகுத் தொட்டியில் கடைசி வரை என்னைப் பற்றிய பேச்சு, 'அந்தத் தம்பி கணக்கால சம்பந்தி வூட்டுக்காரங்க மாட்டுவண்டில போனாங்க' என்பதுதான். மறுத்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். அளக்கும் முன் கரையில் இறங்கி நடந்து கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மாதிரியைப் பார்த்து எழுதும் வரியைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். உதவி செய்கிறவர்களிடம், என்ன உதவி செய்தீர்கள் என்று கேளுங்கள். இவை போதும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நான் செய்தது சரி, அதனால் வருத்தம் இல்லை என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அதுவும் மாதிரியைப் பார்த்து எழுதுகிற வரிதான். பார்க்காமல் எழுத முடியாது. பார்த்தேன். வருத்தம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கப்பலின் நிலைப்பு பற்றிய வகுப்பு. அங்கே ஒன்பது என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. துறைமுகத்தில் வேலை பார்த்த முதல் சில வருஷங்களில், திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும், இப்போது பேராசிரியர் உள்ளே வருகிறார், இப்போது எல்லோரும் நோட்டைத் திறக்கிறார்கள் என்று தோன்றும். பின்பு அது நின்றுவிட்டது என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை. பென்ஷன் வாங்கிய பிறகும் நிற்கவில்லை.

அடையாற்றுக்கு இந்தப் பக்கமே உங்களுக்கு அந்த வகுப்பு நடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று உங்களில் கண்ணாடி போட்டவர் சொன்னார். என் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் பதினெட்டு நிமிஷம். விசாரித்துவிட்டேன். பேராசிரியரிடம் எனக்காக ஒரு வார்த்தை கேட்க முடியுமா? கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போதும். குறுக்கே பேச மாட்டேன். பரீட்சை எழுத மாட்டேன். எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன், நீங்கள் எப்போது வந்தாலும் சரி.

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. வயது வரம்பு ஏதாவது உண்டா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.